அற்றோணியா, ஆள்மாறாட்டமா? எமது பெயரில் இயங்கும் செயலிகள் பற்றி அறியவேண்டியவை

புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் வீட்டார் எல்லோருடைய கடவுச்சொற்களும் ஒரு பிள்ளையிடம்தான் இருக்கும். மொன்றியல் தீவின் மேற்கே, கர்க்லாண்டில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கனடா அரசுக்கு ஒரு வருமானவரிப் படிவம், கியூபெக் அரசுக்கு இன்னொன்று. மருத்துவ அட்டைக்கு ஒரு கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒன்று, நகரசபைக்கு ஒன்று. 2023 பெப்ரவரி 20 ஆம் திகதி கியூபெக்கின் வாகனப் பதிவுச் சேவை சாக்-கிளிக் என்ற இணைய முறைக்கு மாறியபோது, அரசின் புதிய அடையாள உறுதிப்பாட்டுச் சேவையில் பதிய முடியாமல் மக்கள் வாரக்கணக்கில் வரிசையில் நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் முழுதாகக் கைவராத அம்மா, அப்பாவுக்குப் பிள்ளைதான் எல்லாக் கதவுகளையும் திறந்து கொடுக்கிறது.

பிள்ளை அம்மாவின் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போகும்போது, மறுபக்கத்தில் உள்ள கணினிக்குத் தெரிவது ஒன்றுதான்: "அம்மா வந்திருக்கிறார்." பிள்ளை வந்தது என்று அதன் பதிவேட்டில் எங்கும் இராது. அன்பினால் செய்தாலும் கணினியின் கண்ணுக்கு இது ஆள்மாறாட்டம்தான்.

இன்று இதே வேலையைச் செயலிகளும் செய்கின்றன. செலவுக் கணக்குப் பார்க்கும் செயலி உங்கள் வங்கிக்குள் போகிறது. சங்கத்துக்காக ஒரு தம்பி எழுதிக் கொடுத்த செயலி உறுப்பினர்களின் மின்னஞ்சலுக்குள் போகிறது. அவை உங்களுக்காகச் செயற்படுகின்றனவா, நீங்களாகவே நடிக்கின்றனவா என்பதை அறிந்துகொள்வது அவசியம். செயலிகளைப் பாவிப்போருக்கும், எமது அமைப்புகளுக்காக அவற்றை எழுதும் இளையோருக்கும் இந்தக் கட்டுரை அதனை விளக்குகிறது.

எமக்குத் தெரிந்த ஓர் உதாரணம்

ஊரில் காணி உள்ளவர்களுக்கு அற்றோணித் தத்துவம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்து அதற்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. கனடாவில் இருக்கும் ஒருவர் தன் தம்பிக்கு அற்றோணி கொடுக்கிறார். எந்தக் காணி, அதை வாடகைக்கு விடலாமா, விற்கலாமா, எதுவரை என்பதெல்லாம் அதில் எழுதப்படுகிறது. தம்பி உறுதியில் கையெழுத்திடும்போது அண்ணனின் கையெழுத்தைப் போடுவதில்லை. தன் கையெழுத்தையே போடுகிறார், இன்னாரின் அற்றோணித் தத்துவக்காரர் என்ற நிலையில். பின்னர் பிணக்கு வந்தால், யாருக்காக, யார், எந்த அதிகாரத்தின்படி கையெழுத்திட்டார் என்பது ஆவணத்திலேயே இருக்கும். அண்ணன் விரும்பினால் அந்த அதிகாரத்தை இரத்துச் செய்யவும் முடியும்.

தம்பி அண்ணனின் அடையாள அட்டையுடன் நொத்தாரிசுவிடம் போய், அண்ணனாகவே நின்று கையெழுத்திட்டால் அது ஆள்மாறாட்டம். காணி நல்ல விலைக்குப் போயிருக்கலாம், அண்ணனுக்கும் சம்மதமாக இருக்கலாம். ஆனாலும் அந்த உறுதியின் மேல் யாரும் நம்பிக்கை வைக்க முடியாது.

கணினி உலகத்தில் தரநிலைகளை எழுதுவோர் இதே வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள். 2020 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 8693 என்ற ஆவணம் இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. ஒன்று ஆள்மாறாட்டம்: அதில் செயற்படுபவர் மற்றவரின் உரிமைகளை எடுத்துக்கொண்டு, அவரிலிருந்து பிரித்தறிய முடியாதபடி நிற்கிறார். மற்றையது பொறுப்பளிப்பு: அதில் செயற்படுபவர் தன் சொந்த அடையாளத்துடனேயே இருந்து, இன்னொருவருக்காகச் செயற்படுகிறார். இரண்டாவது முறையில் வழங்கப்படும் அனுமதிச் சீட்டில் "யாருக்காக" என்று ஓர் இடமும், "யார் செய்கிறார்" என்று இன்னோர் இடமும் இருக்கும். அற்றோணி உறுதியில் இரண்டு பெயர்களும் இருப்பது போலத்தான்.

ஏபிஐ என்பது என்ன

நாம் ஓர் இணையத்தளத்துக்குப் போனால் படங்களையும் பொத்தான்களையும் காண்கிறோம். செயலிகளுக்கு அவை தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் கணினியிடம் இன்னொரு நிரல் நேரடியாகக் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்கு வைத்திருக்கும் வாசலையே ஏபிஐ என்கிறார்கள். கூகிள், மைக்ரோசொப்ட், வங்கிகள், கணக்குப் பதிவு மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இப்படியான வாசல்கள் உண்டு.

அந்த வாசலில் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். வந்திருப்பது எந்தச் செயலி? அது யாருக்காக வந்திருக்கிறது? அந்த ஆள் எதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்? முதல் இரண்டும் அடையாள உறுதிப்பாடு. மூன்றாவது அனுமதி. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் விட்டாலும் ஆள்மாறாட்டத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும் பழைய வழி

முன்னைய நாட்களில் இரண்டாம் செயலிக்கு உங்கள் கடவுச்சொல்லையே கொடுத்துவிடுவதுதான் வழக்கம். செயலி அதை எழுதி வைத்துக்கொண்டு, வேண்டிய நேரமெல்லாம் நீங்களாக உள்ளே போகும். வங்கித் துறையில் இது இன்றும் ஒழியவில்லை. செயலி உங்கள் பெயரில் வங்கியின் தளத்துக்குள் நுழைந்து, திரையில் தெரிவதை வாசித்து எடுத்துக்கொள்கிறது. திரைச் சுரண்டல் என்று இதைச் சொல்லலாம். ஏறத்தாழ 90 இலட்சம் கனடியர்கள் இவ்வாறு தங்கள் வங்கித் தரவைப் பகிர்கிறார்கள் என்பது கனடா அரசே சொல்லும் மதிப்பீடு.

இத்துறை மொன்றியலுக்குப் புதியதல்ல. வங்கிக் கணக்குகளைச் செயலிகளுடன் இணைத்துக் கொடுக்கும் பிளிங்ஸ் நிறுவனம் 2016 இல் இங்குதான் தொடங்கப்பட்டது. 2021 இல் நஷனல் வங்கி அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அமெரிக்காவின் பிளெய்ட் நிறுவனமும் இதே சேவையை வழங்குகிறது. 2020 ஒக்ரோபரில் ரொறன்ரோவைத் தலைமையகமாகக் கொண்ட ரி.டி. வங்கி பிளெய்ட் மீது வழக்குத் தொடுத்தது. தனது சின்னத்தையும் நிறத்தையும் பாவித்துத் தன் நுழைவுப் பக்கம் போலவே ஒரு பக்கத்தைக் காட்டி, வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைப் பெறுகிறார்கள் என்பது வங்கியின் குற்றச்சாட்டு. அதாவது செயலி வாடிக்கையாளராக நடிப்பதற்கு முன்னரே, வாடிக்கையாளரிடம் வங்கியாக நடித்தது என்பதுதான் வழக்கின் சாரம்.

இந்த வழியில் உள்ள தீமைகள் மூன்று. கடவுச்சொல் கொடுத்தால் முழு அதிகாரமும் போய்விடும். "கணக்கைப் பார், பணத்தை அனுப்பாதே" என்று சொல்ல வழியில்லை. இரண்டாவது, அந்தச் செயலியை மட்டும் நிறுத்த முடியாது. கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். மூன்றாவது, பணம் காணாமற்போனால் "உங்கள் கடவுச்சொல்லுடன் நீங்களே வந்தீர்கள்" என்றுதான் வங்கியின் பதிவேடு சொல்லும். கடவுச்சொல்லை வேறொருவருக்குக் கொடுப்பது பெரும்பாலான வங்கி உடன்படிக்கைகளுக்கு மாறானது. இழப்பீட்டு உரிமையும் அதனால் கேள்விக்குள்ளாகலாம்.

இதற்கு மாற்றாகவே வாடிக்கையாளர் தீர்மானிக்கும் வங்கிமுறைக்கான சட்டத்தை 2024 யூனில் கனடா நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கடவுச்சொல்லைக் கொடுக்காமல், ஏபிஐ வாசல் ஊடாக, வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதத்துடன் தரவைப் பகிர்வது அதன் நோக்கம். அதன் மேற்பார்வையைக் கனடா மத்திய வங்கியிடம் கொடுக்க 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது.

சீட்டுக் கொடுக்கும் புதிய வழி

கடவுச்சொல்லுக்குப் பதிலாக அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் யோசனை சமூக ஊடகங்களிலிருந்து வந்தது. ருவிட்டரில் வேலை செய்த பிளெய்ன் குக் முதலானோர் 2006 இல் தொடங்கிய பேச்சிலிருந்து உருவான ஓஆத் என்ற முறை 2007 இல் வெளியாகியது. ருவிட்டர் 2010 ஆகஸ்டில் தன் ஏபிஐ வாசலில் கடவுச்சொற்களை ஏற்பதை நிறுத்தியது. இன்று உலகெங்கும் பாவிக்கப்படும் ஓஆத் 2.0 தரநிலை 2012 ஒக்ரோபரில் வந்தது.

அது இயங்கும் விதம் எளிது. சங்கத்தின் செயலி உங்கள் கூகிள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் செயலி உங்களைக் கூகிளின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது. கடவுச்சொல்லை நீங்கள் கூகிளிடம் மட்டுமே கொடுக்கிறீர்கள். செயலி அதைக் காண்பதில்லை.

அடுத்து கூகிள் உங்களிடம், "இந்தச் செயலி உங்கள் நாட்காட்டியை வாசிக்கக் கேட்கிறது, சம்மதமா?" என்று வினவுகிறது. கேட்கும் அதிகாரத்தின் எல்லை அங்கே எழுதப்பட்டிருக்கும்.

நீங்கள் சம்மதித்தால், குறுகிய நேரமே செல்லுபடியாகும் ஒரு குறியீட்டுடன் கூகிள் உங்களைச் செயலியிடம் திருப்பி அனுப்புகிறது. செயலி அந்தக் குறியீட்டையும் தன் சொந்த அடையாளத்தையும் காட்டி, டோக்கன் எனப்படும் அனுமதிச் சீட்டைப் பெறுகிறது.

அதன் பின் ஏபிஐ வாசலுக்குப் போகும்போதெல்லாம் செயலி அந்தச் சீட்டையே காட்டுகிறது. சீட்டில் எல்லை உண்டு, காலாவதி உண்டு. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கூகிள் கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று அந்த ஒரு சீட்டை மட்டும் இரத்துச் செய்யலாம். கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை.

ஓஆத் 2.0 வெளியானபோது, செயலியே கடவுச்சொல்லை வாங்கிச் சீட்டாக மாற்றும் ஒரு வழியையும் விட்டுவைத்திருந்தது. 2025 ஜனவரியில் வந்த பாதுகாப்பு வழிகாட்டல் ஆர்.எஃப்.சி. 9700 அந்த வழியை முற்றாகத் தடை செய்திருக்கிறது. பழைய பாடங்களையும் காணொளிகளையும் பார்த்துச் செயலி எழுதும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அனுமதிச் சீட்டு அடையாள அட்டை ஆகாது

செயலி எழுதுவோர் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். ஓஆத் சீட்டு "இதை வைத்திருப்பவர் இந்த வாசலுக்குள் போகலாம்" என்று மட்டும் சொல்கிறது. "இதைக் கொண்டு வந்தவர் இன்னார்" என்று சொல்வதில்லை. பேருந்துச் சீட்டைக் காட்டிக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் ஆளை நிரூபிக்க முடியாதல்லவா?

இதனால் என்ன நடக்கும்? நீங்கள் ஒரு விளையாட்டுச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் செயலியின் உரிமையாளர், உங்கள் சீட்டை எடுத்துச் சங்கத்தின் செயலியிடம் காட்டுகிறார். சங்கத்தின் செயலி அந்தச் சீட்டு யாருக்காக வழங்கப்பட்டது என்று மட்டும் பார்த்து, எந்தச் செயலிக்கு வழங்கப்பட்டது என்று பார்க்காவிட்டால், அவரை நீங்கள் என்று நம்பி உள்ளே விட்டுவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கவே 2014 பெப்ரவரியில் ஓப்பன்-ஐடி கனெக்ட் என்ற முறை ஓஆத்துக்கு மேல் கட்டப்பட்டது. அதில் அனுமதிச் சீட்டுடன் தனியாக ஓர் அடையாளச் சீட்டும் வரும். யார் வழங்கியது, யாரைப் பற்றியது, எந்தச் செயலிக்காக, எதுவரை செல்லும் என்பவை அதில் எழுதி மின்கையெழுத்து இடப்பட்டிருக்கும். இந்த நான்கையும் கையெழுத்தையும் சரிபார்த்த பின்னரே ஒருவரை உள்ளே விட வேண்டும்.

நடந்த சம்பவங்கள்

முதலாவது, வாசலில் ஆளைக் கேட்காதது. 2022 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் ஒப்ரஸ் தொலைபேசி நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 95 இலட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. பாவனையில் இல்லாமல் விடப்பட்டிருந்த ஓர் ஏபிஐ வாசலில் அனுமதிச் சோதனை வேலை செய்யவில்லை என்று அந்நாட்டின் ஒழுங்குபடுத்தும் அமைப்பு நீதிமன்றத்தில் கூறியது. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திர இலக்கங்களும் பலருடையவை வெளியேறின. அங்கு வாழும் எம்மவரிலும் ஒப்ரஸ் வாடிக்கையாளர்கள் ஏராளம்.

இரண்டாவது, இன்னொருவரின் வாசலைப் பாவித்தது. 2017 ஆகஸ்டில் பெங்களூர் பொலிசார் ஒரு மென்பொருள் பொறியியலாளரைக் கைது செய்தனர். ஆதார் விவரங்களைச் சரிபார்க்கும் செயலி ஒன்றை அவர் வெளியிட்டிருந்தார். அதற்கான அனுமதி அவரிடம் இருக்கவில்லை. அரச மருத்துவமனைகளுக்கான ஈ-ஹொஸ்பிற்றல் முறைக்கு வழங்கப்பட்டிருந்த வழியூடாகத் தன் செயலியின் கேள்விகளை அனுப்பினார் என்பதே குற்றச்சாட்டு. ஆதார் கணினிக்கு மருத்துவமனை கேட்பதாகத் தெரிந்தது, கேட்டது வேறொருவர். மனிதர் மட்டுமல்ல, செயலியும் ஆள்மாறாட்டம் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, "மற்றவர் கண்ணால் பார்" என்ற வசதி. முகநூலில் உங்கள் பக்கம் இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு பொத்தான் இருந்தது. 2017 யூலையில் காணொளி ஏற்றும் பகுதியில் செய்த மாற்றத்தால், அந்தப் பொத்தானை அழுத்தும்போது ஓர் அனுமதிச் சீட்டு தவறுதலாக உருவானது. அதுவும் உங்களுக்கு உரிய சீட்டு அல்ல. நீங்கள் யாருடைய கண்ணால் பார்த்தீர்களோ அவருடைய சீட்டு. 2018 செப்ரெம்பரில் முகநூல் இதைக் கண்டுபிடித்தபோது ஏறத்தாழ 3 கோடிப் பேரின் சீட்டுகள் களவுபோயிருந்தன. கடவுச்சொல் ஒன்றுகூடத் திருடப்படவில்லை. 2024 டிசம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு இதற்காக மெற்றா நிறுவனத்துக்கு 25 கோடியே 10 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

நான்காவது, சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவரிடம் களவு. 2025 ஆகஸ்டில் ட்ரிப்ட் என்ற உரையாடல் செயலி சேர்த்து வைத்திருந்த ஓஆத் சீட்டுகளைத் திருடியவர்கள், அவற்றைக் கொண்டு 700 க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் சேல்ஸ்போர்ஸ் கணக்குகளுக்குள் புகுந்தனர். கிளவுட்பிளெயர், பாலோ ஆல்ரோ நெற்வேர்க்ஸ் போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களே அதில் சிக்கின. சீட்டு முறை கடவுச்சொல்லை விட மேலானது. ஆனால் சீட்டைக் கையில் வைத்திருப்பவரே உரியவர் என்று வாசல் நம்புவதால், சீட்டைப் பணம் போலப் பூட்டி வைக்க வேண்டும்.

கனடாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் அரச சேவைகளுக்கான ஜி.சி.-கீ முறையில் 9,041 பேரின் கணக்குகளும், சி.ஆர்.ஏ. எனப்படும் கனடா வருமான முகவரகத்தின் ஏறத்தாழ 5,500 கணக்குகளும் தாக்கப்பட்டதாக அரசு முதலில் அறிவித்தது. வேறு தளங்களிலிருந்து ஏற்கனவே களவுபோன கடவுச்சொற்களை இங்கே போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தார்கள். கொரோனாக் கால உதவிப் பணத்துக்கு மற்றவர் பெயரில் விண்ணப்பித்தார்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பாவித்தவர்களே அதில் அகப்பட்டார்கள்.

கியூபெக் மக்களுக்கு டெஜார்டான் சம்பவம் இன்னும் நெருக்கமானது. உள்ளே வேலை செய்த ஒருவரால் 97 இலட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2019 இல் வெளிவந்த இந்தச் சம்பவத்தில் பெயர், பிறந்த திகதி, முகவரி, சமூகக் காப்புறுதி இலக்கம் ஆகியவை அடங்கும். ஆகவே "பிறந்த திகதியையும் இலக்கத்தையும் சொன்னால் ஆள் சரி" என்ற பழைய நம்பிக்கை இந்த மாகாணத்தில் இனிச் செல்லாது.

எமது அமைப்புகளுக்குச் செயலி எழுதுவோருக்கு

கோயில்கள், தமிழ்ப் பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள் எல்லாம் இன்று செயலி கேட்கின்றன. கணினி படித்த பிள்ளை ஒருவர் வார இறுதிகளில் எழுதிக் கொடுக்கிறார். அந்தச் செயலிக்குள் உறுப்பினர் பெயர், முகவரி, நன்கொடைத் தொகை, ஊரில் உதவி பெறும் குடும்பங்களின் விவரம் எல்லாம் போகின்றன. பெயர்ப்பட்டியல் ஒன்று தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை எமது மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கர்க்லாண்டில் இருப்பவருக்கு அது எரிச்சல் தரும் மின்னஞ்சலாக முடியலாம்; ஊரில் இருப்பவருக்கு அப்படி முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லை வாங்கி வைக்காதீர்கள். கூகிள், மைக்ரோசொப்ட் போன்றோரின் நுழைவுப் பக்கத்துக்கே பாவனையாளரை அனுப்புங்கள்.

தேவையான எல்லைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். நாட்காட்டி வாசிக்க வேண்டுமென்றால் மின்னஞ்சலுக்கும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

சேவைக் கணக்குகளில் மிகக் கவனமாக இருங்கள். கூகிள் வேர்க்ஸ்பேஸில் ஒரு சேவைக் கணக்குக்கு முழு நிறுவனத்துக்குமான பொறுப்பளிப்பைக் கொடுத்தால், அது அந்த அமைப்பில் உள்ள எவராகவும் மாறி, அனுமதித்த எல்லைக்குள் எதையும் செய்யலாம். தலைவரின் மின்னஞ்சலையும் பொருளாளரின் கோப்புகளையும் ஒரே சாவி திறக்கும். மைக்ரோசொப்டிலும் இதே பிரிவு உண்டு: பாவனையாளர் உள்நுழைந்து கொடுக்கும் அனுமதி ஒன்று, செயலி தானாகவே இயங்கும் அனுமதி இன்னொன்று. முதலாவது போதுமான இடத்தில் இரண்டாவதைக் கேட்க வேண்டாம்.

செயலி அனுப்பும் உறுப்பினர் இலக்கத்தை அப்படியே நம்பாதீர்கள். முகவரியில் 105 என்பதை 106 ஆக மாற்றினால் அடுத்தவரின் விவரம் திறந்துவிடும் செயலிகள் இன்னும் இருக்கின்றன. ஏபிஐ பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு 2019 இலும் 2023 இலும் முதலிடத்தில் வைத்தது இந்தக் குறையைத்தான். யார் கேட்கிறார் என்பதைச் சீட்டிலிருந்து எடுங்கள். அவருக்கு அந்த விவரத்தைப் பார்க்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சேர்வரில் சோதியுங்கள்.

உதவி செய்வதற்காக நிர்வாகி இன்னொரு பாவனையாளராக உள்ளே போகும் வசதி கட்டாயம் வேண்டுமென்றால், அதை அற்றோணி போல அமையுங்கள். உரியவர் சம்மதிக்க வேண்டும். சில நிமிடங்களில் தானாக முடிய வேண்டும். பார்க்க மட்டும் முடிய வேண்டும். கடவுச்சொல் மாற்றவோ பணம் அனுப்பவோ முடியக்கூடாது. பதிவேட்டில் இரண்டு பெயர்களும் விழ வேண்டும்.

இரகசியச் சாவிகளை நிரலுக்குள் எழுதாதீர்கள். கைத்தொலைபேசிச் செயலிக்குள் ஒளித்து வைத்ததை எவரும் பிரித்தெடுக்கலாம். கிட்ஹப்பில் ஒருமுறை ஏறிவிட்ட சாவியை அழித்துப் பயனில்லை. உடனே இரத்துச் செய்து புதியது எடுக்க வேண்டும்.

செயலி எழுதிய தம்பி வேலை கிடைத்து வன்கூவருக்குப் போனால் சாவிகள் யாரிடம் இருக்கும் என்பதைச் சபை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். கணக்குகள் அமைப்பின் பெயரில் இருக்கட்டும், தனிநபரின் பெயரில் வேண்டாம்.

கியூபெக்கின் 25 ஆம் இலக்கச் சட்டத்தையும் நிர்வாக சபைகள் வாசித்துக்கொள்வது நல்லது. தனிநபர் தரவுக்குப் பொறுப்பான ஒருவரை வைத்திருப்பதும், பாரதூரமான பாதிப்பு ஏற்படக்கூடிய தரவுக் கசிவைத் தகவல் அணுகல் ஆணைக்குழுவுக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பதும் 2022 செப்ரெம்பர் 22 முதல் அதன் கீழ் கடமையாகியுள்ளன.

வீட்டில் செய்யக்கூடியவை

அம்மாவின் கணக்குக்குள் அம்மாவாகப் போக வேண்டிய தேவை பல இடங்களில் உண்மையில் இல்லை.

சி.ஆர்.ஏ. இடம் பிரதிநிதிகளுக்கென்றே தனி நுழைவு உண்டு. பிள்ளை தன் சொந்தப் பெயரில் பதிந்து, தன் சொந்தக் கடவுச்சொல்லுடன் உள்ளே போய், பெற்றோரின் சம்மதத்துடன் அவர்களுடைய கோப்பைத் திறக்கலாம். பார்க்க மட்டும் ஒரு மட்டம், மாற்றமும் செய்ய இன்னொரு மட்டம் என்று அனுமதிகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கியூபெக் வருமானத் திணைக்களத்துக்கு எம்.ஆர்.-69 என்ற படிவம் இதற்காகவே இருக்கிறது.

மொழிச் சிரமத்தால் அல்லது முதுமையால் உதவி தேவைப்படும் பெற்றோருக்கு, கியூபெக் 2022 நவம்பர் 1 முதல் உதவியாளர் முறை ஒன்றை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பொதுப் பராமரிப்பாளர் அலுவலகம், அதாவது குரேற்றர் பப்ளிக், இதை இலவசமாகப் பதிந்து தருகிறது. ஒருவரோ இருவரோ உதவியாளராகலாம். அங்கீகாரம் மூன்று ஆண்டுகள் வரை செல்லும். உதவியாளர் வங்கியுடனும் அரச அலுவலகங்களுடனும் பெற்றோருக்காகப் பேசலாம், தகவல் பெறலாம். ஆனால் அவருக்காகக் கையெழுத்திட முடியாது. முடிவு பெற்றோருடையதாகவே இருக்கும். இந்த ஏற்பாட்டை அறியாத குடும்பங்கள் எம்மிடையே நிறைய.

கைத்தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் பற்றியும் மூத்தவர்களுக்குத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். "வங்கியிலிருந்து பேசுகிறோம், இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்று யார் கேட்டாலும், தமிழில் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், சொல்லக்கூடாது. அந்த இலக்கத்தைக் கேட்பவர் அந்த நொடியில் நீங்களாக மாற முயல்கிறார் என்று அர்த்தம்.

ஆண்டுக்கு இருமுறையாவது கூகிள், முகநூல், மைக்ரோசொப்ட் கணக்குகளின் அமைப்புகளுக்குள் சென்று, எந்தச் செயலிகளுக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெயர் ஞாபகமில்லாத செயலிகள் நிச்சயம் சில இருக்கும். அவற்றின் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஊரில் நம்பிக்கையற்றுப்போன அற்றோணியை இரத்துச் செய்ய நொத்தாரிசுவிடமும் பதிவாளரிடமும் அலைய வேண்டும். இங்கே ஒரு பொத்தான் போதும்.